சப்ஜுகேட்: ஓர் ஆங்கிலச் சொல்லை உருது வழியாகப் புரிந்துகொண்டது

‘தோற்றுப்போனவர்கள் அதற்குப் பிறகும் ஏன் கப்பம் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்?’

என் மொழிபெயர்ப்புப் பிரதியின் ஓரத்தில், திருத்தியவர் பென்சிலால் எழுதியிருந்த கேள்வி இது. வரலாற்றுக் கட்டுரை ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். மூலத்தில் சப்ஜுகேட் என்ற வினைச்சொல் இருந்தது. நான் ‘தோற்கடித்தார்கள்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அடுத்த பத்தியில் அதே மக்கள் ஆண்டுதோறும் கப்பம் கட்டுகிறார்கள், சொந்தப் பெயரில் நாணயம் அடிக்க உரிமை இல்லாமல் இருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டு நிற்கிறார்கள். என் தமிழில் படித்தால், ஒரு போரில் தோற்றதற்கு ஏன் இத்தனை காலத் தண்டனை என்பது விளங்காது.

சொல் எனக்குப் புதிதல்ல. தேர்வுக்காக ஆங்கிலச் சொற்பட்டியல் மனப்பாடம் செய்த நாட்களில், சப்ஜுகேட் என்றால் அடக்கு, அதற்கு அடுத்தது, அதற்கு அடுத்தது என்று வரிசையாக ஓட்டிய சொல்தான். பட்டியலில் சப்டியூ என்பதற்கும் அடக்கு. சப்ரெஸ் என்பதற்கும் அடக்கு. கர்ப் என்பதற்கும் கிட்டத்தட்ட அதேதான். நான்கு சொல் தெரியும் என்று நினைத்தேன். உண்மையில் ஒரே தமிழ்ச் சொல்லுக்கு நான்கு ஆங்கிலப் பெயர் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்போது என்னோடு அறையில் தங்கியிருந்தவர் வயதில் மூத்த நண்பர். வீட்டில் பேசும் மொழி உருது, பள்ளிப் படிப்பும் உருதுவில். தமிழ் சரளமாகப் பேசுவார். நான் அவரை ‘பாய்’ என்பேன், அவர் என்னைத் ‘தம்பி’ என்பார். அவரிடம் கல்லூரிக் காலத்து ஆங்கில-உருது அகராதி ஒன்று உண்டு. முதுகு கிழிந்து, துணி நாடா ஒட்டிய புத்தகம். அதில் ஒவ்வொரு வரியும் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். ஆங்கிலச் சொல் இடப்பக்கத்திலிருந்து கிளம்பும், உருதுப் பொருள் வலப்பக்கத்திலிருந்து கிளம்பும், இரண்டும் பக்கத்தின் நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொள்ளும்.

பென்சில் கேள்வியை அவரிடம் படித்துக் காட்டினேன். அகராதியைப் புரட்டி, விரலை வலமிருந்து இடமாக ஓட்டிப் படித்தார்: ‘ஜேர் கர்னா. மக்லூப் கர்னா. மஹ்கூம் பனானா.’ பிறகு நிமிர்ந்து, ‘தம்பி, இதுல எங்கயும் ஷிகஸ்த் இல்ல பாருங்க. ஷிகஸ்த்னாதான் தோல்வி. அது ஒரு நாள்ல முடிஞ்சுபோற விஷயம். இது முடியாது’ என்றார்.

அந்த மூன்று உருதுப் பொருளையும் அன்று இரவு பேசிப் பேசியே பிரித்தோம். அதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரிச் சொற்களோடு மல்லுக்கட்டுகிற யாருக்காவது பயன்படும்.

முதலில் ஜேர். நான் அதை ஏதோ கடினமான பாரசீகச் சொல் என்று நினைத்துக் குறித்துக்கொள்ளப் போனேன். அவர் ஒரு பழைய தாளைத் திருப்பி, ‘பே’ என்ற எழுத்தை எழுதினார். படகு மாதிரி ஒரு கோடு, அடியில் ஒரு புள்ளி. அதன் தலைக்கு மேல் சாய்வாகச் சின்னக் கீற்று ஒன்று போட்டு, ‘இது ப. இந்தக் கீற்றுக்குப் பேரு ஜபர்’ என்றார். பக்கத்தில் இன்னொரு ‘பே’ எழுதி, அதே கீற்றை எழுத்துக்குக் கீழே போட்டார். ‘இது பி. இதுக்குப் பேரு ஜேர். ஜபர்னா மேல, ஜேர்னா கீழ. சின்னப் பிள்ளைங்க முதல் வாரத்துல படிக்கிறது. ஜேர் கர்னான்னா இந்தக் கீற்று மாதிரி ஒருத்தனைக் கீழ போட்டுடறது.’

உருது அச்சில் இந்தக் கீற்றுகளைப் பெரும்பாலும் போடவே மாட்டார்கள். படிப்பவர் தாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். ஆனால் எனக்கு இப்போதும் சப்ஜுகேட் என்ற சொல்லைக் கண்டால், பால்பாயின்ட் பேனாவால் போட்ட அந்தக் கீழ்க் கீற்றுதான் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. இருபது முறை எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்தபோது நிற்காதது, ஒரு கீற்றில் நின்றுவிட்டது.

ஆங்கிலச் சொல்லின் உடம்பிலும் இதே ‘கீழே’தான் இருக்கிறது. இலத்தீனில் சப் என்றால் கீழே. யுகும் என்றால் நுகத்தடி. நுகத்தடிக்குக் கீழே கொண்டுவருவதுதான் சப்ஜுகேட். மாட்டின் பிடரியில் வைக்கிற தடி என்பதோடு உவமை நின்றுவிடவில்லை, ரோமானியர் காலத்தில் இது கண்ணால் பார்க்கக்கூடிய சடங்காகவும் இருந்தது. இரண்டு ஈட்டிகளைத் தரையில் நட்டு, மூன்றாவதை மேலே குறுக்காகக் கட்டி, தோற்ற படையினரை அதன் கீழ் ஒவ்வொருவராகக் குனிந்து போகச் செய்வார்கள். ரோமானியர்களே ஒருமுறை அப்படிக் குனிய நேர்ந்தது. கி.மு. 321-இல் காடியம் கணவாயில், இத்தாலியின் மலைவாழ் மக்களான சாம்னியர்கள் ரோமப் படையை மடக்கிப் பிடித்து, மேலாடையும் ஆயுதமும் இல்லாமல் நுகத்தின் கீழ் அனுப்பினார்கள். அங்கே வாள் சுழற்றிய பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. அவமானம் முழுக்க அந்தக் குனிதலில்தான் இருந்தது.

நுகம் என்ற சொல்லை விட்டு நகர மனம் வரவில்லை. இதே யுகும்தான் ஆங்கிலத்தில் கணவன் மனைவி உறவைச் சொல்லும் கான்ஜுகல் என்ற சொல்லிலும் இருக்கிறது. அங்கே முன்னால் நிற்பது ‘கூட’ என்ற பொருள்படும் ஒட்டு. ஒரே நுகத்தில் இரண்டு பேர் சேர்ந்து பூட்டப்பட்டவர்கள். நம் பட்டினப்பாலையோ வணிகர்களின் நடுநிலைமையைச் சொல்ல, நீண்ட நுகத்தின் நடுவில் அடித்த ஆணியைத்தான் உவமையாக எடுத்துக்கொள்கிறது. ஒரே மரத்தடி. ஒருவர் அதன் அடியில் குனிந்த கழுத்தைப் பார்க்கிறார், ஒருவர் பக்கத்துக் கழுத்தைப் பார்க்கிறார், நம் புலவர் நடுவில் இருக்கும் ஆணியைப் பார்க்கிறார். சொல்லின் வேரைத் தேடிப் போவது வீண்வேலை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆதிக்கம் பற்றிய சொற்களில் வேர்தான் படம், படம் இருந்தால்தான் பயன்பாடு தவறாது.

அடுத்தது மக்லூப், மஹ்கூம். இரண்டும் அரபியிலிருந்து பாரசீகம் வழியாக உருதுவுக்கு வந்தவை. முதலில் உச்சரிப்பிலேயே சறுக்கினேன். மக்லூபின் ஜோடி காலிப், அதாவது மேற்கையாக இருப்பவன். நான் சொன்னது பாய் காதில் ‘காலி’ என்று விழுந்தது, வெற்று என்ற பொருளில். ‘தொண்டையில இருந்து வரணும் தம்பி, தண்ணி ஊத்தி வாய் கொப்பளிக்கிறப்ப ஒரு சத்தம் வருமே, அது’ என்றார். தமிழ் எழுத்தில் அந்த ஒலியைக் காட்ட வழியில்லை. அதனால் இந்தச் சொற்களை எழுத்தில் படித்து மட்டும் கற்கக் கூடாது. வாயால் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒலிப்பதிவாவது வேண்டும்.

பிறகு அவர் ஜோடி ஜோடியாகச் சொல்லிக்கொண்டே போனார். காலிப் என்றால் மேலோங்கியவன், மக்லூப் என்றால் அடங்கிப்போனவன். ஹாகிம் ஆள்பவன், மஹ்கூம் ஆளப்படுபவன். ஜாலிம் கொடுமை செய்பவன், மஜ்லூம் கொடுமைக்கு ஆளானவன். மூன்றெழுத்து வேர் ஒன்று. அதைச் செய்பவன் அச்சில் ஊற்றினால் ஒரு சொல், செய்யப்பட்டவன் அச்சில் ஊற்றினால் இன்னொரு சொல். இரண்டாவது அச்சு எப்போதும் ‘ம’வில் தொடங்கி, நடுவில் ஓர் ‘ஊ’ நெடிலோடு வரும்.

இது கேட்டதும் எனக்கு ஏதோ பழகிய சத்தமாகத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், மாமூல். மகசூல். நாம் தினமும் சொல்கிற சொற்கள்! அமுல் என்ற செயலின் வேரிலிருந்து, செய்து செய்து வழக்கமாகிப்போனது மாமூல். கிடைத்தது, வந்து சேர்ந்தது மகசூல். மஹ்கூம், மக்லூப், மஜ்லூம் எல்லாம் அதே வார்ப்பில் வந்தவை. அன்றிலிருந்து இந்த வடிவத்தில் புதுச் சொல் எதைக் கண்டாலும், இவர் செய்தவர் அல்ல, செய்யப்பட்டவர் என்பது அகராதி பார்க்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. உருது கற்கிற தமிழர்களுக்கு இதைவிட நல்ல சாவி எனக்குத் தெரிந்து இல்லை. நம் நாவில் ஏற்கெனவே கிடக்கும் நீதிமன்ற, வருவாய்த்துறைச் சொற்களை எடுத்துப் பாருங்கள். பாதிக் கதவு திறந்துதான் இருக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கைதி என்ற சொல்லைக் கண்டு, கையில் விலங்கு மாட்டியவன் என்று நானாக ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். அதில் நம் கை இல்லவே இல்லை. அரபியில் கைத் என்றால் கட்டு, தளை. அதிலிருந்து வந்தது கைதி. ஒலி ஒத்துப்போனதை மட்டும் வைத்து வேர் சொல்லக் கூடாது என்று அன்றைக்கே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன்.

இந்த ஜோடிகள் ஆங்கிலச் சொல்லையும் எனக்குத் திருத்திக் கொடுத்தன. ஆதிக்கச் சொல் எதுவும் தனியாக நிற்காது, மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று இரண்டு இருக்கை அதில் உண்டு. எனவே குறிப்பேட்டில் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். சப்ஜுகேட் என்று எழுதினால், கோட்டுக்கு மேல் யார், கீழ் யார் என்று இரண்டையும் நிரப்பிய பிறகுதான் அடுத்த சொல். கீழே எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது.

இந்தக் கோடு இல்லாததால் நேர்ந்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்துக்கு எழுதிய ஆங்கில அறிக்கையில், தேங்கிய வேலைகளைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்பதற்கு சப்ஜுகேட் என்று போட்டிருந்தேன். படித்த மேலதிகாரி அந்தச் சொல்லை வட்டமிட்டு, ‘யாரை?’ என்று மட்டும் எழுதி அனுப்பினார். சரியான கேள்வி. தேங்கிய வேலைக்குக் கழுத்து கிடையாது, நுகம் வைக்க. சப்ஜுகேட்டுக்குக் கீழே வரக்கூடியவை மக்கள், நாடு, இனம். கொஞ்சம் நீட்டினால் ஒருவருடைய மனவுறுதி, ஆசை, இயற்கை. எதிர்க்கக்கூடிய, சொந்த விருப்பம் உள்ள ஒன்றுக்குத்தான் அது வரும். சப்டியூ அப்படியில்லை. கலவரத்தையும் சப்டியூ செய்யலாம், அறை விளக்கின் வெளிச்சமும் குரலும்கூட சப்டியூ ஆகியிருக்கலாம். உருதுவில் தாழ்ந்த குரலை ‘தீமி ஆவாஸ்’ என்பார்களே தவிர மஹ்கூம் ஆவாஸ் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு சோதனையிலேயே இரண்டு ஆங்கிலச் சொல்லும் பிரிந்துவிடும். சப்ரெஸ் என்பதற்கு உருதுவில் தபானா, அமுக்குதல். இருமலைக்கூட அமுக்கலாம்.

டாமினேட், டாமினியர் இரண்டும் இன்னொரு குழப்பம். இலத்தீனில் தோமுஸ் என்றால் வீடு, தோமினுஸ் வீட்டின் எஜமானர். அங்கிருந்து வந்தது டாமினேட். இதில் எப்போதும் கொடுமை இருக்க வேண்டியதில்லை. ஒரு மலை ஊரையே டாமினேட் செய்யலாம், ஒரு வீரர் ஆட்டம் முழுவதையும் டாமினேட் செய்யலாம். உருதுவில் இதற்கு ‘சா ஜானா’ என்ற அழகான வழக்கு இருக்கிறது. மேகம் வானத்தைக் கவிந்துகொள்வது போல என்று அர்த்தம். நன்றாக ஆடியவரைப் பார்த்து ‘சா கயே’ என்று பாராட்டுவார்கள். டாமினியரிங் என்பதோ மனிதரின் குணம். எடுத்ததற்கெல்லாம் உத்தரவு போடுகிறவர். உருதுவில் ‘ஹுக்ம் சலானா’. தமிழில் நாட்டாமை பண்ணுவது என்று சொன்னால் கச்சிதமாகப் பொருந்தும். பாய் இதைக் கேட்டுவிட்டு, ‘எங்க வீட்டுலயும் உருது பேசிட்டே இருக்கறப்ப, நடுவுல நாட்டாமைன்னுதான் சொல்லுவோம்’ என்றார்.

கைக்கு வருவோம். பாரசீகத்தில் தஸ்த் என்றால் கை. ஜபர் என்றால் மேல் என்று பார்த்தோம். இரண்டும் சேர்ந்தால் ஜபர்தஸ்த், மேல் கையாக இருப்பவன். ஜேர்தஸ்த், கீழ்க்கையாக இருப்பவன், அடங்கியவன். தமிழில் ‘அவன் கை ஓங்கிவிட்டது’ என்கிறோமே, அதே படம். இன்று உருது பேசுபவர் ஜபர்தஸ்த் என்றால் ‘பிரமாதம்’ என்று பொருள். ஆனால் கடைசியில் ஓர் இகரம் சேர்த்து ஜபர்தஸ்தி என்றால், வலுக்கட்டாயம், பலவந்தம். பாராட்டுக்கும் வன்முறைக்கும் நடுவில் ஓரெழுத்து. தமிழில் பெரியவர்கள் ‘ஜபர்தஸ்து காட்டுகிறான்’ என்று சொல்வதில் இந்த இரண்டின் வாசனையும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

பாலாதஸ்தி என்று இன்னொன்று. பாலா என்றாலும் மேல்தான். அகராதியில் ஹெஜிமனி என்பதற்கு எதிரே இது இருந்தது. நாம் மேலாதிக்கம் என்கிறோம். மேலாதிக்கம் என்றாலே தமிழில் கசப்பு. அதனால் பாலாதஸ்தியும் கசப்பான சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணினேன். பாய் உருது நாளிதழ் ஒன்றின் தலைப்பைக் காட்டினார்: ‘கானூன் கீ பாலாதஸ்தி’. சட்டத்தின் மேலாண்மை! எல்லாருக்கும் மேலே சட்டம் இருக்க வேண்டும் என்று கேட்கும்போது அதே சொல் நல்ல சொல். அதனால் ஒரு மொழியின் சொல்லுக்கு இன்னொரு மொழியில் ஒரு சொல் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வழக்கமாக யார் உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நாளிதழ்தான் அதற்கு நல்ல இடம். அகராதி உறவுமுறையைச் சொல்லும், யார் யாரோடு பேசிக்கொள்கிறார்கள் என்பதை நாளிதழ்தான் சொல்லும்.

காலிப் என்று சொன்னதும் எல்லாருக்கும் கவிஞர் காலிப் நினைவுக்கு வருவார். அசதுல்லா கான் என்ற இயற்பெயர் கொண்டவர், 1797-இல் ஆக்ராவில் பிறந்தவர். மேலோங்கியவன், வெல்பவன் என்ற பொருள்படும் சொல்லைத் தம் புனைபெயராக வைத்துக்கொண்டார். கடைசி முகலாயப் பேரரசர் பஹதூர் ஷாவும் கவிஞர். அவர் புனைபெயர் ஜஃபர், அதற்கும் வெற்றி என்றே பொருள். 1857-இல் டெல்லி வீழ்ந்தது. 1858-இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ஆட்சி பிரிட்டிஷ் முடியரசின் கைக்குப் போனது. வெற்றி என்று பெயர் வைத்துக்கொண்ட அரசர் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1862-இல் அங்கேயே இறந்தார். வெல்பவன் என்று பெயர் வைத்துக்கொண்ட கவிஞர் வீழ்ந்த டெல்லியில் நிறுத்தப்பட்ட ஓய்வூதியத்துக்காகச் சில ஆண்டுகள் காத்திருந்தார், 1869-இல் இறந்தார். காலிப், மக்லூப் என்ற ஜோடியை இதற்குப் பிறகு நான் மறக்கவே இல்லை. ஒரே மனிதருடைய பெயரில் ஒன்றும், வாழ்க்கையில் இன்னொன்றும் இருந்தன.

இதே வேரிலிருந்து உருதுவில் ‘காலிபன்’ என்ற சொல் வரும். அதற்கு ‘அநேகமாக’ என்று அர்த்தம். ஆதிக்கத்துக்கும் அநேகமாகவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ரெண்டு சாத்தியம் மோதுறப்ப எதோட கை ஓங்குதோ அது, என்றார் பாய். யோசித்துப் பார்த்தால் நம் ‘பெரும்பாலும்’ என்பதும் பெரும் பால், பெரிய பங்கு என்பதுதானே. அன்று இரவு இந்த ஒரு சொல்லுக்காகவே நெடுநேரம் விளக்கை அணைக்கவில்லை.

இன்னொரு சொல்லும் என்னை உலுக்கியது. குடிமக்கள் என்பதற்கு உருதுவில் ரிஆயா. அதன் ஒருமை ரஅய்யத். நம்முடைய ரயத்து அதுதான். ஆளுநர் தாமஸ் மன்றோ 1820-இல் சென்னை மாகாணத்தில் பரவலாக்கிய, உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையின் பெயரில் இருக்கும் அதே ரயத்து. அரபியில் அந்த வேருக்கு மேய்த்தல் என்று பொருள். மேய்க்கப்படும் மந்தைதான் முதலில் ரஅய்யத், பிறகுதான் குடிகள், பிறகுதான் உழவர். இலத்தீன்காரர் ஆளப்படுபவரை நுகம் பூட்டிய மாடாகப் பார்த்தார், அரபியர் மேய்க்கப்படும் ஆட்டு மந்தையாகப் பார்த்தார். தமிழில் அடிமை என்ற சொல்லைப் பார்த்தாலே அடி, அதாவது பாதம், தெரிகிறது. மூன்று மொழியிலும் மேலே இருப்பவருக்கு மட்டும்தான் மனித உருவம். இந்தச் சொற்களைப் பட்டியலில் எண் போட்டு மனப்பாடம் செய்த காலத்தில் இது என் கண்ணில் படவே இல்லை என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

சரி, என் வாக்கியத்துக்கு வருகிறேன். ‘தோற்கடித்தார்கள்’ போய்விட்டது. பதிலுக்கு என்ன போடுவது?

முதலில் ‘ஆட்படுத்தினார்கள்’ என்று எழுதினேன். அளவாக, அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்படுதல், ஆட்கொள்ளுதல் என்றால் தமிழ்க் காதுக்குப் பக்தி மணக்கும். இறைவன் ஆட்கொண்டான் என்று உருகிப் பாடிய மரபு நம்முடையது. அடியார் என்பதும் பெருமைக்குரிய பெயர். உருதுவிலும் இதே நிலைதான். பந்தா என்றால் அடிமை, ஆனால் இறைவனின் பந்தா என்று சொல்லிக்கொள்வதில் தாழ்வு எதுவும் இல்லை. அப்துல்லா என்ற பெயருக்கே இறைவனின் அடிமை என்றுதான் பொருள். ஆங்கில சப்ஜுகேட்டுக்கு இந்தக் கனிவு கொஞ்சமும் கிடையாது. விரும்பிக் குனிந்த கழுத்து அதில் இல்லை. ஆகவே ஆட்படுத்தினார்கள் வேண்டாம் என்று அடித்தேன்.

‘அடிமைப்படுத்தினார்கள்’ என்றால், விலைக்கு விற்று வாங்கிய அடிமைமுறையை நினைப்பார்கள். மூலத்தில் அப்படி இல்லை. ‘அடக்கினார்கள்’ என்றால் ஏதோ கலகம் நடந்து, அதை அடக்கியது போலாகும். ‘கீழ்ப்படுத்தினார்கள்’ என்பது பொருளில் நெருங்கி வந்தது. அப்போதும் பென்சில் கேள்வி தீரவில்லை. கீழ்ப்படுத்தினார்கள், சரி, அப்புறம்? அத்தனை காலத்துக் கப்பம் இந்தச் சொல்லுக்குள் வரவில்லையே.

பாயிடம் அந்த வாக்கியத்தை அப்படியே உருதுவில் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் உதட்டுக்குள் முணுமுணுத்துவிட்டு, ‘உன்ஹோன் நே இன் லோகோன் கோ மஹ்கூம் பனா ரக்கா தா’ என்றார். நான் கடைசிச் சொற்களைத் திரும்பக் கேட்டேன். பனா ரக்கா தா. பனானா என்றால் ஆக்குவது. அது போதாதா, ரக்கா எதற்கு?

‘ரக்னான்னா வைக்கிறது தம்பி. ஆக்கினதோட விடலையே, ஆக்கி வச்சிருந்தாங்க இல்ல.’

வைக்கிறது. நம் துணைவினைதான். கதவைச் சாத்தினான் என்பதற்கும் சாத்தி வைத்திருந்தான் என்பதற்கும் உள்ள வேறுபாடு எந்தத் தமிழருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு செயலைச் செய்து, அதன் விளைவைக் கலையாமல் பிடித்துக்கொண்டிருப்பதை ‘வை’ என்ற ஒற்றை அசை சொல்லிவிடுகிறது. ஆங்கிலம் சப்ஜுகேட் என்ற ஒரே சொல்லுக்குள் பூட்டி வைத்ததை, உருதுவும் தமிழும் வினையின் வாலில் வைத்திருக்கின்றன. அகராதியில் சொல்லுக்குச் சொல் தேடிக்கொண்டிருந்ததால், விடை வினைமுற்றில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதெல்லாம் கடினமான ஆங்கில வினைச்சொல் வந்தால் பெயர்ப்பகுதியைத் தேடும் முன், தமிழில் எந்தத் துணைவினை இந்த வேலையைச் செய்யும் என்று ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். விடு, வை, கொள், போடு, தீர் என்று கொஞ்சம்தான். பலமுறை அங்கேயே கிடைத்துவிடுகிறது.

பிரதியில் ‘அந்த மக்களைத் தங்களுக்குக் கீழ்ப்படுத்தி வைத்திருந்தார்கள்’ என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தபோது, ஓரத்தில் இருந்த பென்சில் கேள்வியை ரப்பரால் அழித்திருந்தார்கள். தாளைச் சாய்த்துப் பார்த்தால் எழுத்தின் தடம் இன்னும் லேசாகத் தெரிந்தது.